ஏரிக்கரையில் ஓர் ஒத்திகை

மணி மூன்று பத்து. ராத்திரி மூன்று இல்லை... மதியம். பேய்க் கதை என்றால் நடுராத்திரியும் நாய் ஊளையும்தான் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலை மட்டும் யாராவது சாத்துங்கள்.

மதியம் மூன்று பத்து. நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து ஏரிக்குப் போகும் ஒற்றை ரோடு. இரண்டு பக்கமும் ஆளுயர நாணல். முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. ஒரு சின்னக் கார் மட்டும் மெல்ல ஊர்ந்து போகிறது. ஓட்டுகிறவள் என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் அக்கா. பக்கத்து இருக்கை காலி. ஆனால் அந்தக் காலி இருக்கைக்குப் பெல்ட் போட்டிருந்தது.

சிரிக்காதே. அவளுக்கு மண்டையில் ஒரு கோளாறும் இல்லை. அது அவள் தொழில்.

வயதானவர்களை மட்டும் ஊர் சுற்றிக் காட்டும் ஒரு பயண அலுவலகத்தில் அவளுக்கு வேலை. எந்த இடத்தில் எத்தனை படி, கழிப்பறைக் கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா, பெஞ்சுக்குச் சாய்மானம் உண்டா... எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். அலுவலகத்தில் பிளான் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெரியவரைப் புது இடத்துக்குக் கூட்டிப் போகும் முன் இரண்டு பேர் போய் ஒத்திகை பார்த்துவிட்டு வர வேண்டும். ஒருவர் பெரியவராக நடிப்பார். செருப்புக்குள் கூழாங்கல், கையில் தடி, கண்ணில் மங்கலான கண்ணாடி. இன்னொருவர் துணை. கை கொடுப்பார், பேச்சுக் கொடுப்பார். உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது, ஏனென்றால் வரப்போகிறவர் யாராகவும் இருக்கலாம். எல்லாம் முடிந்ததும் துணைக்கு வந்தவர் "போதும், எழுந்திரிங்க" என்று சொல்வார். அதைச் சொல்லும் வரை பெரியவராக நடிப்பவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையக் கூடாது.

இந்தத் தடவை வரப்போகிற பெரியவர் அவளுடைய மாமனார்.

அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாட்டில் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் தரம் பார்த்தவர். கண்ணாடியை நகத்தால் சுண்டுவார்... டிங். காதை வைத்துக் கேட்பார். சத்தம் சரியில்லையென்றால் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. மருமகள் தண்ணீர் கொடுத்தால் டம்ளரைச் சுண்டுவார். தட்டைச் சுண்டுவார். "கீறல்" என்பார். ஒன்பது வருஷத்தில் அவள் கையால் கொடுத்த ஒன்றைக்கூட அவர் நல்லது என்று சொன்னதில்லை. அவளும் சும்மா இருந்தவள் இல்லை. அவர் ஒன்று சொன்னால் இவள் ஒன்பது சொல்வாள்.

மூன்று மாதம் மகன் வீடு, மூன்று மாதம் மகள் வீடு என்று ஏற்பாடு. மகள் வீட்டு முறை முடிந்தது. போய்க் கூட்டிவர வேண்டும். கார்ப் பயணம் ஏழு மணி நேரம். ஒரே மூச்சாக உட்காரக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரமாவது காலை நீட்டி இளைப்பாற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவனுக்கு வழக்கம்போல லீவு இல்லை. அவன் சொன்னது ஒன்றுதான்.

"இந்தத் தடவை அப்பா முகம் வாடி வந்தாருன்னா, நான் அவரைக் கூட்டிட்டுத் தனி வீடு பார்த்துப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீடு பார்க்கவே ஆரம்பித்துவிட்டான். அவள் பாத்திரம் கழுவும்போது, அடுத்த அறையில் புரோக்கரோடு பேசும் குரல் கேட்டது. பாதியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு நோட்டை எடுத்தாள். பாதி வழியில் ஓர் ஏரி. கரையில் இரண்டு அறை கொண்ட பயணியர் விடுதி. நிழல், காற்று, சாய்மானம் வைத்த சிமெண்ட் பெஞ்சு. அந்த ஒரு மணி நேரம் சண்டையில்லாமல் கழிந்தால் மிச்ச வழியும் கழியும் என்று கணக்குப் போட்டாள்.

அதற்குத்தான் அந்த வியாழக்கிழமை ஒத்திகை. வீட்டு விஷயத்துக்கு ஆபீஸ் ஆளைக் கூப்பிட முடியுமா? தனியாகப் போனாள். அங்கேதான் தப்பு நடந்தது. தனியாகப் போனவள் பெரியவராகவாவது நடித்திருக்கலாம். அவள் துணையாக நடித்தாள். பெரியவர் இடத்தைக் காலியாக விட்டாள்.

கார்க் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, வெறும் காற்றுக்குக் கையை நீட்டினாள்.

"மெதுவா வாங்க. படி இருக்கு, பார்த்து."

கேட்டிலிருந்து பெஞ்சு வரை நூற்றுப் பன்னிரண்டு அடி. மாமனாரின் பழைய ஸ்வெட்டரையும் கொண்டுபோயிருந்தாள், குளிருமா என்று பார்க்க. அதைப் பெஞ்சின் சாய்மானத்தில் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏரியில் அலைகூட இல்லை. பாசி வாசனை... ஈரக் கம்பளி வாசனை... நாணலுக்குள் தண்ணீர் 'களக், களக்' என்று எதையோ விழுங்குகிற சத்தம். அவள் பேச்சுக் கொடுத்தாள். "காத்து நல்லா இருக்குல்ல?" "தண்ணி குடிக்கிறீங்களா?" "கால் வலிக்குதா?" "நமக்கென்ன அவசரம்?" நிஜ மாமனாரிடம் அப்படிப் பேசியிருந்தால் நாக்கு சுளுக்கியிருக்கும். இந்தக் காலி இடத்திடம் சுலபமாக வந்தது. இப்படி ஒரு பெரியவர் வாய்த்திருந்தால் நானும் நல்ல மருமகளாகத்தான் இருந்திருப்பேன் என்று நினைத்தாள்.

"உட்காருங்க. நான் இருக்கேன்" என்றாள்.

அப்போது இடது கை கனத்தது. யாரோ பிடித்து ஊன்றிக்கொண்டதுபோல. கார் ஓட்டிய அலுப்பு என்று நினைத்தாள். போன் அடித்தது. கணவன். ஏதோ சாவியைக் காணோமாம். பேசிக்கொண்டே எழுந்து, பேசிக்கொண்டே காருக்கு நடந்து, பேசிக்கொண்டே கிளம்பிவிட்டாள். ஸ்வெட்டர் பெஞ்சிலேயே கிடந்தது. "போதும், எழுந்திரிங்க" என்று அவள் சொல்லவே இல்லை.

ஐந்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை. மறுபடி அதே ரோடு, அதே மூன்று பத்து. இப்போது பக்கத்து இருக்கையில் நிஜ மாமனார்.

"இந்தக் காட்டுக்கு எதுக்குக் கூட்டிட்டு வர்ற?"

"ஏரி மாமா. கொஞ்சம் காலை நீட்டிக்கலாம்."

"வீட்டுலதான் காலை நீட்ட இடம் இல்லாமப் பண்ணிட்டே. ரோட்டுலயாவது நீட்டிக்கச் சொல்றியா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு மணி நேரம்... ஒரே ஒரு மணி நேரம்.

கேட்டில் காவலாளி வந்து எட்டிப் பார்த்தான். நடுத்தர வயது, நல்ல மரியாதை தெரிந்தவன். மாமனாரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முகத்தில் ஒரு குழப்பம்.

"வாங்கம்மா. வியாழக்கிழமை விட்டுட்டுப் போன பெரியவரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"எந்தப் பெரியவர்?"

"உங்ககூட வந்தாரே. பெஞ்சுலயே உட்கார்ந்திருந்தார். ஞாயித்துக்கிழமை மழை வந்துச்சு, நான்தான் கையைப் பிடிச்சு ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். தங்கமான மனுஷன். நீங்க 'நான் இருக்கேன்'னு சொன்னீங்களாம்."

இவன் யாரையோ என்னோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாமனார் விடுவாரா?

"என்னடி இது? இதுக்கு முன்னாடி யாரைக் கொண்டுவந்து இங்க தள்ளிட்டுப் போனே?"

அவரைப் பெஞ்சுக்கு நடத்திப் போனாள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு குறை. வழி சரியில்லை, வெயில் சரியில்லை, அவள் பிடிக்கிற பிடி சரியில்லை. உட்கார்ந்தார். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். கண்ணாடி டம்ளர், இதற்காகவே வாங்கிய புதுசு. அவர் சுண்டினார்.

டிங்.

"கீறல்" என்றார். டீயை அப்படியே மண்ணில் கொட்டினார். பிறகு ஏரியைப் பார்த்தபடி, சாவகாசமாகச் சொன்னார்: "என் பையன் வீடு பார்த்துட்டானாம். நேத்துதான் போன்ல சொன்னான். உனக்குத் தெரியாதா?"

அதுவரை அடக்கியதெல்லாம் ஒரேயடியாகப் பொங்கிவிட்டது. "அப்ப இங்கயே உட்கார்ந்திருங்க!" என்று கத்திவிட்டு அவள் விறுவிறு என்று, அவர் படுக்க எடுத்திருந்த விடுதி அறையை நோக்கி நடந்தாள். கண் எரிந்தது. படுக்கையைச் சரிபார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து கூப்பிடலாம் என்றுதான் இருந்தாள். அது சத்தியம். தங்கையிடம், அதாவது என்னோடு வேலை பார்த்தவளிடம், அதைத்தான் மூன்று முறை சொன்னாளாம்.

கதவைத் தள்ளினாள்.

பாசி வாசனை. ஈரக் கம்பளி.

கட்டில் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பழைய ஸ்வெட்டர். முழங்கால்மேல் இரண்டு கையும் ஒழுங்காக. காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது... பாதத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்... தலையைத் தூக்கினார். மாமனாரின் முகம். அதே மூக்கு, அதே பாதி நரைத்த புருவம். இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒன்பது வருஷமாக அவள் பார்த்த அந்தச் சுருக்கம் மட்டும் இல்லை.

"மெதுவா வாங்க" என்றார். "நமக்கென்ன அவசரம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். தூரத்தில் பெஞ்சு தெரிந்தது. மாமனாரின் பின்னந்தலை தெரிந்தது. தடியால் தரையைக் குத்திக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவரும் அங்கே இருக்கிறார். இவரும் இங்கே இருக்கிறார்.

கத்தியிருக்கலாம். ஓடியிருக்கலாம். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே விழுந்திருப்பேன். அப்போது போன் அடித்தது.

"அப்பா எப்படி இருக்கார்? சண்டை எதுவும் இல்லையே?" கணவன் குரல். இல்லையே என்பதிலேயே மிரட்டல் இருந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அதை அவள் பார்த்தாள். அது அவளைப் பார்த்துச் சிரித்தது. ஒன்பது வருஷத்தில் அந்த முகம் அவளைப் பார்த்துச் சிரித்ததே இல்லை.

"இல்ல" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கார்."

போனை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அந்தக் கனம் வந்து ஊன்றியது. அவளுக்குத் தெரிந்த கனம்தான். அந்த நிமிஷம் பயமே வரவில்லையாம். நிம்மதியாக இருந்ததாம். இதைச் சொல்லும்போதுதான் தங்கை பயந்துபோய் எழுந்து விளக்கைப் போட்டாளாம்.

விடுதியின் பின்பக்கமாகக் காருக்கு நடத்திக்கொண்டு போனாள். பெல்ட் போட்டாள். கேட்டைத் திறந்த காவலாளி குனிந்து உள்ளே பார்த்தான்.

"அப்ப இவரைக் கூட்டிட்டுப் போறீங்க. சரி. பெஞ்சுல இருக்காரே, அவரு?"

"அவருக்கு வேற வண்டி வரும்" என்றாள்.

வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. கண்ணாடியில் ஏரிக்கரை சின்னதாகிக்கொண்டே போனது. நெடுஞ்சாலை வரை போய்த் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். நெடுஞ்சாலை வந்தது. அடுத்த பெட்ரோல் பங்கில் திருப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதுவும் போனது.

வீட்டில் கணவன் வாசலுக்கே ஓடி வந்தான். "வாங்கப்பா!"

"காத்து நல்லா இருக்குல்ல?" என்றது அது.

அவனுக்கு வாயெல்லாம் பல். அப்பா இப்படிப் பேசி எத்தனை காலம் ஆயிற்று! அவள் தண்ணீர் கொடுத்தாள். வாங்கியது. சுண்டவில்லை. பிடித்த பிடியில் அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. குடிக்கவும் இல்லை. ராத்திரி படுக்கவும் இல்லை, நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. காலையில் நாற்காலிக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அவனே துடைத்தான்.

இரண்டாம் நாள்தான் அவளுக்கு உறைத்தது. அது பேசுவது மொத்தம் பதினோரு வாக்கியம். அத்தனையும் அன்று ஏரிக்கரையில் அவள் பேசியவை. சாப்பிட்டீங்களா அப்பா என்றால், "கால் வலிக்குதா?" என்னும். தூங்குங்கப்பா என்றால், "நமக்கென்ன அவசரம்?" என்னும். பெற்ற மகனையே வாங்க, போங்க என்றது. கணவன் கவனிக்கவே இல்லை. வீட்டில் வயசானவர்கள் பேசுவதை யார் முழுசாகக் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? "நீ நல்லாப் பார்த்துக்கிட்டா அப்பாவும் நல்லா இருக்கார் பார்" என்று அவளுக்குப் பாராட்டு வேறு. புரோக்கரைக் கூப்பிட்டு வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அவள் எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது. வீடு அமைதியாக இருந்தது. அவளால்தான் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை. எங்கே போனாலும் பாசி நாறியது, தலையணையில்கூட.

ஆறாம் நாள். திங்கட்கிழமை. கணவன் வேலைக்குப் போயிருந்தான். மதியம். மணியை நான் சொல்ல வேண்டியதில்லை.

போன்.

"அம்மா, ஏரி விடுதியிலேருந்து பேசறேன், ரிஜிஸ்டர்ல உங்க நம்பர் இருந்துச்சு." காவலாளி. "வேற வண்டி வரும்னீங்களே... இன்னும் வரலை."

அவள் போனின் சத்தத்தைக் குறைத்தாள்.

"பெரியவர் பெஞ்சுலதான் இருக்கார். அஞ்சு நாள் கூப்பிட்டுப் பார்த்துட்டேன், உள்ள வரமாட்டேங்கிறார். சாப்பிடவும் மாட்டேங்கிறார். பையன் நம்பர் குடுங்கன்னாலும் குடுக்கலை. என் மருமக வருவா, திட்டிக்கிட்டே வருவா, ஆனா வருவான்னு அதையே சொல்லிட்டிருக்கார்... இன்னைக்குக் காலையிலேருந்து தண்ணி பெஞ்சுக் கால் வரைக்கும் ஏறிடுச்சும்மா. இந்த ஏரியில இப்படி ஏறி நான் பார்த்ததில்ல."

அவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் அது உட்கார்ந்திருந்தது. முழங்கால்மேல் இரண்டு கையும் ஒழுங்காக. அவளைப் பார்த்துச் சிரித்தது.

ஏழு மணி நேரத்தில் பாதி. மூன்றரை மணி நேரம். சாவி எதிரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போயிருந்தால் ராத்திரி ஆவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பாள். அதைத்தான் யோசித்தாளாம். அதோடு கூடவே இன்னொன்றும் யோசித்தாளாம்... அவரைக் கூட்டி வந்தால், இதை எங்கே வைப்பது? கணவனுக்கு என்ன சொல்வது? யாரை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்வது?

"நீங்க யாரையோ நினைச்சுட்டுப் பேசறீங்க" என்றாள். குரல் அவளுடையதுபோலவே இல்லை. "எங்க வீட்டுப் பெரியவர் வீட்டுலதான் இருக்கார்."

அந்தப் பக்கம் காவலாளி நடக்கிற சத்தம் மட்டும்... செருப்பு மண்ணில் தேய்கிறது... பிறகு தண்ணீருக்குள் கால் வைக்கிற சத்தம். சளப். சளப். யாரிடமோ போனை நீட்டினான். மூச்சு கேட்டது. அவளுக்குத் தெரிந்த மூச்சு. வசவு வரும் என்று காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

வசவு வரவில்லை. ரொம்பச் சின்னக் குரல்.

"நான் திட்டமாட்டேன்மா."

அவள் போனை அணைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டாள். அந்த நம்பர் போகவில்லை. அன்றைக்கும் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை.

கூடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அது மெல்ல அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. சிரிப்பு இல்லை. வாயைத் திறந்தது... வாயோரத்திலிருந்து ஏரித் தண்ணீர் ஒழுகியது. பதினோரு வாக்கியத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னது.

"நான் திட்டமாட்டேன்மா."

இப்போதெல்லாம் அது வேறு எதுவுமே பேசுவதில்லையாம். கணவனுக்கு அப்பா மீது அவ்வளவு பெருமையாம்.